பூட்டிக் கிடக்கும் அறை ஏன் நாறுகிறது?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து வீடுகளில் ஆள் புழங்காத அறை ஒன்று இருந்தால், அதைத் திறந்ததும் அடிக்கிற வாடைக்கு மூன்று வைத்தியம் பார்ப்பார்கள்: பினாயில், ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே. மூன்றுமே ஒரு மணி நேரம் கேட்கும். அதற்கப்புறம் மல்லிகை மணமும் கப்பும் சேர்ந்து அடிக்கும். அறைக் காற்றில் இருக்கும் நாற்றப் பொருள் மிகக் கொஞ்சம். அதை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் இடம் வேறு.

எவ்வளவு கொஞ்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர் காற்று. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு, நூறு கோடி பங்கு காற்றில் ஐந்து பங்கு கலந்தாலே பலருடைய மூக்குக்கு எட்டிவிடும். அந்த அறை முழுக்க அந்த அளவுக்கு நாற 0.2 மில்லிகிராம் போதும். ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டால் அறைக் காற்று பலமுறை மாறிவிடும். மறுபடியும் நாறினால் அது புதிதாக வந்த வாடை.

இதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். காற்றை மாற்றியபின் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு வெளியே போய்விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாடை பழையபடி ஏறிவிட்டால் மூலம் உயிரோடு இருக்கிறது: சாக்கடைக் குழாய், செத்த எலி, அழுகும் ஏதோ ஒன்று. இரவு முழுக்க ஊறி மெல்ல ஏறினால் சுவர், மெத்தை, மர பீரோ போன்ற நுண்துளைப் பொருள்கள் உறிஞ்சி வைத்திருந்ததை விடுகின்றன. மழை மூட்டத்தில் மட்டும் கிளம்பினால் உப்பேறிய சுவரையோ பழைய பூனை மூத்திரத்தையோ சந்தேகப்படலாம். மோந்து பார்க்கும்போது ஒரு விஷயம்: மூக்கு சில நிமிடங்களிலேயே பழகி மரத்துவிடும். கால் மணி நேரம் வெளியே இருந்துவிட்டு உள்ளே வந்ததும் இழுக்கிற முதல் நாலைந்து மூச்சுதான் நம்பகமானது. தரையோடு ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை, பரண் உயரத்தில் ஒருமுறை பாருங்கள். சுவிட்ச் போர்டையும் விடாதீர்கள். சுவருக்குள் ஓடும் ஒயரிங் பைப் வழியாகப் பக்கத்து அறை வாடைகூட வந்து சேரும்.

புழங்காத அறையை ஒட்டி ஒரு பாத்ரூமோ வாஷ் பேசினோ இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தரையில் ஜாலிக்கு அடியில் இருப்பது பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தடுப்பு. அந்தத் தண்ணீரின் ஆழம் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் ட்ராப்களில் பாதிகூட இருக்காது. யாரும் குளிக்காத பாத்ரூமில், சென்னை வெயிலுக்கு, அது சில வாரங்களிலேயே வற்றிவிடும். அதற்கப்புறம் அந்த அறை நேராகத் தெருச் சாக்கடையோடு மூச்சு வாங்குகிறது. நம் ஊர்ச் சூட்டில் கழிவுநீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். அறையில் வைத்த வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போனால் அது ஹைட்ரஜன் சல்பைடின் கைவேலை. ஏசியின் செம்புக் குழாயை அரித்துக் கேஸ் கசிய வைப்பதும் இதே வாயுதான்.

உறுதி செய்யச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல பாலித்தீன் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, முடிச்சுப் போட்டு, ஜாலியின் மேல் இரவு முழுக்க உட்கார வையுங்கள். தண்ணீர்ப் பை மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். காலையில் வாடை குறைந்திருந்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. மருந்தும் சுலபம்: ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி லிக்விட் பாரஃபின் விடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். சமையல் எண்ணெய் ஊற்றினால் அதுவே சிக்கு வாடை பிடித்துக்கொள்ளும், பாரஃபின் கெடாது.

தண்ணீர் இருந்தும் நாறினால், மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே களக் களக் என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மேலிருந்து இறங்கும் நீர் காற்றை இழுத்து ட்ராப் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. குழாய்க்குள் காற்று புக வழிவிடும் வென்ட் பைப் அடைத்திருக்கிறது, அல்லது போடவே இல்லை. பெருமழையில் மட்டும் நாறுவது இதற்கு நேர்மாறு: தெரு மேன்ஹோல் நிரம்பி, குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்று தண்ணீரை முட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. இதை வீட்டுக்குள் சரிசெய்ய முடியாது. குடிநீர் வாரியத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும்.

இங்கே பலர் செய்யும் ஆபத்தான காரியம், நாறும் ட்ராப்பில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவது. சேற்றில் கரைந்து கிடக்கும் சல்பைடு ஆசிட் பட்டதும் மொத்தமாக வாயுவாகக் கிளம்பும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் விழுந்தால் குளோரின் வரும். சின்ன பாத்ரூமில் இரண்டுமே ஆளைச் சாய்க்கும்.

அடுத்தது சுவர். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதியின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. கடலோர நிலத்தடி நீர் உப்புக் கலந்தது. செங்கல் அதை உறிஞ்சி மூன்றடி உயரம் வரைகூட ஏற்றும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். ஓதம் அடித்த சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். சாதா உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலை ஒட்டிய வடசென்னையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டும். எனவே ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் அந்தச் சுவர் இரவில் ஈரமாகிப் பகலில் காயும். பூசணத்துக்கு இதைவிட வசதி வேண்டாம். பூசணமும், கூடவே வளரும் ஆக்டினோபாக்டீரியாக்களும் ஆக்டெனால், ஜியோஸ்மின் போன்ற வாடைப் பொருள்களை விடுகின்றன. ஜியோஸ்மின் மழை விழுந்ததும் வாசலில் வரும் மண்வாசத்தின் சரக்கேதான். மூடிய அறைக்குள் அதுவே மக்கல் வாடை.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று பார்க்க ஓரடிச் சதுரப் பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்துக்கள் இருந்தால் சுவருக்குள்தான் ஈரம். வெளிப்பக்கம் இருந்தால் அறைக் காற்றிலிருந்து வந்தது. ஒட்டினாற்போல் இருக்கும் அறையில் ஏசி ஓடிச் சுவர் குளிர்ந்துபோகும் வீடுகளில் இது சகஜம்.

சுவருக்குள் ஈரம் என்றால் அதன்மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதுதான் வழக்கம், அதுதான் தப்பும். பெயின்ட் தோல் ஈரத்தை உள்ளே அடைக்கும், உப்பு அந்தத் தோலுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளும், ஒரு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். சரியான வேலை இது: ஓதக் கறை முடியும் இடத்திலிருந்து ஓரடி மேலே வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்பவும் செங்கல்லுக்குள் போய்விடும். கொத்திய காரையை அன்றே வெளியேற்றிவிடுங்கள். சில வாரமாவது ஆறவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு மூன்று கோட் அடிக்கலாம். “சிமெண்டே போதும் சார், ஸ்ட்ராங்கா நிக்கும்” என்பார் கொத்தனார். ஸ்ட்ராங்காகத்தான் நிற்கும், ஈரம் அதைத் தாண்டி இன்னும் ஓரடி மேலே ஏறும். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல், அதில் பூசணம் பிழைக்காது. காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் தணிந்துவிடும் என்பதால்தான் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் ஏறிய வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீர் கட்டில் பெட்டி, பிளைவுட் பீரோவின் அடிப்பலகை, கதவு நிலையின் இடுக்கு ஆகியவற்றில் புகுந்து வண்டலை விட்டுப் போயிருக்கும். உப்பிப்போன பிளைவுட்டைத் தேற்ற முடியாது, தூக்கிப் போடுவதுதான் மலிவு. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த வீடுகளில் சுவரில் கறுப்புக் கோடு இருக்கும். மேலே பெயின்ட் அடித்தாலும் எண்ணெய் வாடை ஊடுருவி வரும். அந்தப் பூச்சையும் கொத்தித்தான் ஆக வேண்டும்.

வேதியியல் நேரடியாகக் கைகொடுக்கும் இடம் மீன் கவிச்சி. கடல்மீன் சதையில் இருக்கும் டிரைமெத்திலமின் ஆக்சைடைப் பாக்டீரியா சிதைத்தால் டிரைமெத்திலமின் வரும். காசிமேட்டுக்கு அருகில் கருவாட்டு மூட்டை, வலை, ஐஸ் பெட்டி போட்டு வைத்த அறைகளில் தங்குவது இதுதான். இது காரம். அமிலம் சேர்த்தால் உப்பாக மாறிவிடும்; உப்பு ஆவியாகாது, மூக்குக்கும் எட்டாது. மீன் கழுவிய கையில் புளி தேய்ப்பது இதே வினைதான். அறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் இருமுறை துடையுங்கள். கடைசித் துடைப்பு முக்கியம். உருவான உப்பு அங்கேயே கிடந்து பிறகு சோப்பு, சோடா ஏதாவது பட்டால் கவிச்சி திரும்பிவிடும். பரண் பலகை கடப்பா கல்லாகவோ தரை மொசைக்காகவோ இருந்தால் வினிகரைத் தொடாதீர்கள். இரண்டிலும் இருப்பது சுண்ணாம்புக் கல் வகை. பளபளப்பு போய் வெளுத்துவிடும். அங்கே சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான்.

வியர்வை, பழைய எண்ணெய், நெடுநாள் மடித்து வைத்த துணி இவற்றின் புளித்த வாடை இதற்கு எதிர்: பியூட்ரிக், ஐசோவேலரிக் போன்ற அமிலங்கள். இவற்றுக்கு ஆப்ப சோடா. ஒற்றை மெத்தைக்கு 200 கிராம் தூவி எட்டு மணி நேரம் விட்டு உதறுங்கள். பூசண வாடை அமிலமும் இல்லை, காரமும் இல்லை; எனவே வினிகரோ சோடாவோ அதன் வாடையைப் பிடிக்காது. உலர்த்துவதும் சுரண்டி எடுப்பதும்தான் வழி.

பூனை மூத்திரம் காய்ந்து படிந்து தங்கி, ஈரம் பட்டதும் வாடை உயிர்த்தெழும். என்சைம் கிளீனரை ஊறும்படி ஊற்றி, மேலே பாலித்தீன் மூடி ஒரு நாள் விட வேண்டும். மேலோட்டமாகத் தெளித்தால் வீண். பிளீச் மட்டும் கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு வரும். செத்த எலி என்றால் நீலப் பச்சை ஈக்கள் மொய்க்கும் மூலையைத் தேடுங்கள். எலி மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பது கட்டுக்கதை. சில நாள் கழித்து எங்கே படுத்ததோ அங்கேயே சாகும். எடுக்க முடியாத இடம் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டியதுதான்.

மூலத்தை நீக்கியபின் உலர்த்தல். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள நம் பத்துக்குப் பத்து அறைக் காற்றில் ஏறத்தாழ 680 கிராம் தண்ணீர் உண்டு. 60 சதவீதத்துக்கு இறக்க 170 கிராமை எடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சுவரும் பஞ்சும் லிட்டர் கணக்கில் வைத்திருக்கும், எடுக்க எடுக்க விடும். அதனால்தான் பீரோவில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா அறைக்குப் போதாது. ஏசி இருந்தால் ஜன்னலைச் சாத்தி டிரை மோடில் தினம் சில மணி நேரம், ஒரு வாரம் ஓட்டலாம். ஏசி இல்லாவிட்டால் நேரம் பார்த்து ஜன்னலைத் திறக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணியிலிருந்து கடல் காற்று வரும்வரை வீசும் மேல்காற்றுதான் நமக்குக் கிடைக்கும் மிக உலர்ந்த காற்று. கடல் காற்று இறங்கியதும் சாத்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரத்தை உள்ளே அழைப்பதுதான் நடக்கும். கொருக்குப்பேட்டை பக்கம் இரவில் திறப்பதும் வேண்டாம். நிலக்காற்று கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் கால்வாய்களையும் தாண்டி வருகிறது.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள். இலவம் பஞ்சு மெத்தையைப் பிரித்து வெயிலில் காயவைத்துப் பஞ்சு அடித்து மறுபடி தைக்கலாம். ஃபோம் மெத்தையில் பூசணம் ஏறினால் அது முடிந்த கதை. மிச்சம் மீதி வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் அரைக் கிலோ, அகலத் தட்டுகளில் பரப்பி வைக்கலாம். அடுப்புக் கரி அதற்கு ஈடாகாது, அதன் உட்பரப்பு மிகக் குறைவு. அதோடு கார்பனும் அம்மோனியா போன்ற சின்ன மூலக்கூறுகளைச் சரியாகப் பிடிக்காது. ஓசோன் மிஷின் வாங்காதீர்கள்: நாற்றத்தைச் சிதைக்கும் அளவுக்கு ஓசோன் விட்டால் அது நுரையீரலையும் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரையும் சேர்த்தே சிதைக்கும்.