ஆட்டோஇம்யூன் தைராய்டு: தன்னுடல் தாக்கு தைராய்டு நோய்

குடியாத்தம், ஆற்காடு பக்கம் "எனக்கு தைராய்டு கீதுமா" என்று சொல்லக் கேட்காதவர்கள் இல்லை. தைராய்டு எல்லோர் கழுத்திலும் இருக்கிற உறுப்பு. அதையே நோயின் பெயராக்கிவிட்டதால், குறைவாகச் சுரப்பதும் அதிகமாகச் சுரப்பதும் கழலையும் அயோடின் குறைவும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ, அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கிப் பெரும்பாலும் சுரப்பைக் குறைத்துவிடும் நோய். அதைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த பிறகுதான் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதும் பிடிபட்டது.

கிரேக்கத்தில் 'துரேயோஸ்' என்றால் கதவைப் போல நீண்ட பெரிய கேடயம். 'துரா' என்றால் கதவு. 1656இல் இந்தச் சுரப்பிக்குத் தைராய்டு என்று பெயரிட்டவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன். தமிழில் 'கேடயச் சுரப்பி' என்பது அதன் நேர்ப்பெயர். நல்ல சொல்தான், ஆனால் மருந்துக்கடையில் சொன்னால் விளங்காது. அதனால் பேச்சில் தைராய்டே இருக்கட்டும் என்பேன்.

'ஆட்டோஇம்யூன்' என்பதுதான் கவனிக்கவேண்டிய சொல். 'ஆட்டோ' என்பது கிரேக்கத்தில் 'தான்'. 'இம்யூன்' லத்தீன் 'இம்யூனிஸ்' என்பதிலிருந்து வந்தது. வரியிலிருந்தும் ஊர்க் கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்று பொருள். நம் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் வரியில்லா நிலத்தை 'இறையிலி' என்று பொறித்திருக்கிறார்களே, அதே கருத்து. பின்னாளில் மருத்துவர்கள் அதை நோயிலிருந்து விலக்கு என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அது 'நோய் எதிர்ப்பாற்றல்' ஆனது.

உடல் தன்னையே தாக்காது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டில் வெள்ளணுக்கள் குவிந்திருந்ததை ஒரு ஜெர்மன் ஆய்விதழில் எழுதினார். காரணம் அப்போது தெரியவில்லை. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தம் தைராய்டுப் புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதை 1956இல்தான் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தமிழில் 'தன்னெதிர்ப்பு நோய்', 'தன்னுடல் தாக்குநோய்' இரண்டும் புழங்குகின்றன. நான் இரண்டாவதையே சொல்வேன். தன்னெதிர்ப்பு என்றால் நோயாளியே தனக்கு எதிராக ஏதோ செய்துகொண்டதுபோல ஒலிக்கிறது. முட்டைக்கோஸ் தின்றதாலா, கவலைப்பட்டதாலா என்று கேட்டுக் குமைந்துபோகிற பெண்கள் நம் ஊரில் நிறைய. தாக்குவது உடலின் எதிர்ப்பாற்றல். அதில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை.

அதிகமாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயும் தன்னுடல் தாக்குநோய்தான், ஆனால் அதற்கு மருந்து வேறு. பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இனி மருத்துவர் அறையில் உதவும் சொற்கள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறியிருந்தால் "தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு" என்று பலர் நினைக்கிறார்கள். டி.எஸ்.எச். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. தைராய்டு சோர்ந்தால், 'இன்னும் சுர' என்று அது கூடுதலாகத் தூண்டும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்றே பொருள். கூடவே ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) எவ்வளவு, ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுப் புரதத்துக்கு எதிரான பொருள்) பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஆன்டி டி.பி.ஓ. கூடியிருந்தால் தன்னுடல் தாக்குதல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியானாலும் வாலாஜாவில் தெருமுனை கிளினிக்கானாலும், ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கித் தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள். களைப்பு, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்கு மாற்றம் எல்லாவற்றையும் தாளில் எழுதிப்போங்கள். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது தள்ளினால், "டி.எஸ்.எச். பார்த்துவிட்டுச் சொல்லுங்க சார்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சுரப்பு குறைந்தவர்களுக்குத் தரும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. அதற்குமுன் பார்த்தால் சரியான நிலை தெரியாது. கருத்தரித்ததும் அளவைக் கூட்டவேண்டி வருவதுண்டு, அதனால் நாள் தள்ளிப்போனவுடனேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். "குழந்தைக்கு ஆகாது" என்று யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.