பூட்டியின் கறுத்த பொட்டு

திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மம்மாவின் தாயாருடைய படம் ஒன்று தொங்கியது. நெற்றியில் கரி போல ஒரு பொட்டு. "பூட்டி கறுப்புப் பொட்டா வைக்கிறவா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இல்லையடி, குங்குமம்தான்" என்றா அம்மம்மா. அவ சொன்னது சரிதான். குங்குமத்தைக் கறுப்பாக்கியது அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடு.

1851இல் ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட படமெடுக்கும் முறையில், அயடைட்டு கலந்த கலோடியன் என்ற பிசுபிசுத்த கரைசலைக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்ப்பார்கள். ஈரம் காய முன்னரே படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். தகட்டில் உண்டாகும் வெள்ளி அயடைட்டுப் பளிங்கில் ஓர் இலத்திரனை விடுவிக்க ஒளிக்குப் போதிய சக்தி வேண்டும். நீலத்துக்கும் ஊதாவுக்கும் அது உண்டு, சிவப்புக்கு இல்லை, மஞ்சளுக்கும் போதாது. ஒளியே படாததுபோல் தகட்டில் வெறுமையாக நிற்கும் இடம், தாளில் கறுப்பாக இறங்கும்.

அப்படித்தான் குங்குமம் கறுத்தது. தங்கத் தாலிக்கொடி மங்கியது. மஞ்சள் பூசிய முகமும் மண்ணிறத் தோலும் உள்ளதைவிட இருண்டன. கோணேசர் கோயிலுக்கு மேலே நிற்கும் நீல வானமோ வெறும் வெள்ளையாகிவிடும். 1873இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தெரியும் என்று கண்டார். சிவப்பும் தெரிகிற தகடுகள் கடைக்கு வர 20ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது.

"பூட்டி நல்ல கறுப்பு, நீ அவவை உரிச்சு வச்சிருக்கிறாய்" என்று சுவரிலுள்ள படத்தைக் காட்டிப் பெண் பிள்ளைகளிடம் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்ட பிள்ளை அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறாள். கறுப்பில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படம் நிறத்துக்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றது.

மங்கிய நகையைத்தான் வீட்டார் பொறுத்துக்கொள்ளவில்லை. நகை என்பது குடும்பத்தின் மதிப்பு அல்லவா? தெற்காசியாவின் பல ஸ்டூடியோக்களில் அச்சிட்ட படத்தின் மேலேயே தூரிகையால் பொன்னிறம் தீட்டிக் கொடுத்தார்கள். மேசையில் ஊன்றிய கையும் சிரிக்காத முகமும் தகட்டுக்காகத்தான்: கலோடியன் காலத்தில் பல வினாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமல் பின்னால் இரும்புத் தாங்கியும் வைப்பார்கள். அப்புறம் தகடுகள் வேகமான பிறகும், மரியாதை என்று அந்த இருப்பே நிலைத்துவிட்டது.

பழைய அச்சுகள் பலவற்றில் தாளின் மேல் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு உண்டு. கடற்கரை ஊரின் ஈரக் காற்றிலும் வெளிச்சத்திலும் அது மஞ்சளாகும், வெள்ளியும் மங்கும். பூட்டியை இப்போது வெயில் படாத உள்ளறைச் சுவருக்கு மாற்றிவிட்டோம்.