மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் வேலையே இருக்கிறது

மழைக்காலம் வந்துவிட்டால் மணிக்கட்டு உடைந்து வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். வாசல் தெளிக்கும்போது வழுக்கிடுச்சு, பாத்ரூம்ல பாசி, பஸ்ல இருந்து இறங்கும்போது கால் பிசகிடுச்சு என்று ஆளுக்கொரு காரணம். எல்லாரும் விழும்போது கையை ஊன்றியிருப்பார்கள், ஊன்றிய கை உடைந்திருக்கும். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டு, ஐந்தாறு வாரத்தில் பிரித்துவிடுவோம், கையும் கூடிவிடும். "அவ்வளவுதானுங்களே டாக்டர், இனி வர வேண்டியதில்லையே?" என்று கேட்டபடியே எழுந்துகொள்வார்கள். இல்லைங்கம்மா, உட்காருங்க என்று நான் சொல்வது அப்போதுதான்.

பைக்கில் அடிபட்டாலோ மாடியில் இருந்து விழுந்தாலோ எலும்பு உடைவது வேறு. நின்ற இடத்தில் இருந்து தரையில் விழுந்ததற்கு எலும்பு உடையக் கூடாது. உடைந்தால், வெளியே பார்க்க நன்றாக இருந்து உள்ளே செல்லரித்துப் போன உத்திரம்போல எலும்பு ஆகிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். மணிக்கட்டு முதலில் உடைகிறது, அப்புறம் முதுகெலும்பு, எழுபதைத் தாண்டினால் இடுப்பு. எல்லாருக்கும் இந்த வரிசை அப்படியே வராது, ஆனால் ஒரு தடவை உடைந்தவருக்கு மறுபடி உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதுவும் முதல் இரண்டு வருடத்தில். கட்டு போட்டது உடைந்த இடத்துக்கு மட்டும்தான். எலும்பு ஏன் உடைந்தது என்பதற்கு இன்னும் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

இந்த நோய்க்கு வலி கிடையாது. முட்டி வலிக்குது, எலும்பு தேய்ஞ்சிடுச்சு, கால்சியம் எழுதிக் கொடுங்க என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது மூட்டுத் தேய்மானம். அது வேறு வியாதி, அதற்கும் கால்சியத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. எலும்பு பலவீனமானவரோ ஒரு வலியும் இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடமாடிக்கொண்டிருப்பார். முதுகெலும்பு நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது, இல்லையென்றால் 'வாய்வுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக் கடந்துவிடுகிறது.

சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து தறிக்காரர் வீட்டு அம்மா ஒருவர், வேறு எதற்கோ வந்தவர், பேச்சோடு பேச்சாக, "இப்பல்லாம் சேலை தரை தட்டுதுங்க, ரெண்டு சுத்து அதிகமா சொருக வேண்டியிருக்கு" என்றார். உடம்பு இளைத்ததால் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். சுவரோடு நிற்க வைத்து அளந்தோம். பழைய உயரம் அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அடுப்படிப் பரணில் முன்பு எட்டிய டப்பா இப்போது எட்டவில்லை என்றார். எக்ஸ்ரேயில் முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே இரண்டு எலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தன. இளவயது உயரத்தில் இருந்து நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலே முதுகை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. பாட்டிக்கு வயசானால் கூன் விழத்தான் செய்யும் என்று நாம் பழகிப்போனதில் பாதி இதுதான்.

ஏன் பெண்களுக்கு அதிகம்? எலும்பு தினமும் கரைந்து தினமும் கட்டப்படுகிற பொருள். முப்பது வயது வரை சேமிப்பு, பிறகு மெல்ல மெல்ல செலவு. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அந்த முதல் ஐந்து பத்து வருடத்தில் செலவு வேகமெடுக்கிறது. நாற்பதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்போதே தொடங்கிவிடுகிறது. ஆபரேஷன் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், எதை எடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். ஆண்களும் தப்பவில்லை. பீடி, குடி, அப்புறம் ஸ்டீராய்டு. வீசிங்குக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் எலும்பைக் கவனித்தே ஆக வேண்டும் (நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து). மூட்டுவலிக்கு என்று பேர் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மூன்றே நாளில் வலி பறந்துபோகிறது என்றால் அதில் என்ன கலந்திருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

சேலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் வைட்டமின் டி குறைவாகவே வருகிறது. காரணம் எளிது. காலையில் தறிக்குழியில் இறங்கினால் இருட்டித்தான் ஏறுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்யும் பெண்களும் வீட்டுக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள், ஆனால் குளிருக்கும் பூச்சிக்கும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பாதி நாள் மேகமூட்டம். காலை ஆறு மணி வெயிலில் வாக்கிங் போனால் போதும் என்பதும் சரியில்லை, அந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டி அநேகமாக உருவாகாது. பதினொன்றில் இருந்து இரண்டு வரை, கை கால் முகம் படும்படி இருபது முப்பது நிமிடம். சேலம் சித்திரையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும். முடியாதவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்து மருந்து எடுக்கலாம். அந்த 60,000 யூனிட் பாக்கெட் வழக்கமாக வாரம் ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். சத்துப் பவுடர்தானே என்று தினமும் பாலில் கலந்து குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக, கிட்னி கெட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், மாதவிலக்கு நின்றவர்களுக்கு 1200. நூறு கிராம் ராகி மாவில் சுமார் 350. இருநூறு மில்லி பாலில் சுமார் 240. ஆக மதியம் களியும் கீரைக் கடைசலும், காலை மாலை பால் அல்லது தயிர், கொஞ்சம் எள்ளுருண்டை என்றால் கிட்டே வந்துவிடலாம். மலைக்கிராமங்களில் களி சாப்பிட்டவர்கள் இப்போது மூன்று வேளையும் ரேஷன் அரிசி சாப்பிடுவது எனக்கு உறுத்தலான விஷயம். குறைவதை மட்டும் மாத்திரையில் ஈடுகட்டினால் போதும்.

பரிசோதனை என்றால் டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் முதுகிலும் அடர்த்தியை அளந்து டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் ஒன்று வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்ப்பதை வைத்து மருந்து தொடங்க வேண்டாம், அது ஒரு முதல் தகவல், அவ்வளவே. அதேபோல் இடுப்போ முதுகெலும்போ லேசான விழுகையில் ஏற்கனவே உடைந்திருந்தால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் மருந்து தேவை.

கால்சியம் மட்டும் சாப்பிட்டால் இந்த நோய் தீராது. கரைவதை நிறுத்த மருந்து வேண்டும். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை பழையது, மலிவு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சாப்பிடும் முறை கறார். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. "காபி மட்டும் குடிச்சுக்கட்டுங்களா கண்ணு?" என்று ஏற்காட்டுப் பாட்டி கேட்டார், கொட்டை வறுத்து வீட்டிலேயே அரைக்கிற காபி. கூடாது. காபியோடு போட்டால் மருந்து உடம்பில் ஏறுவதே பெரிதும் குறைந்துவிடும், படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வாரத்தில் ஒரு நாள் அரை மணி காபி தள்ளிப் போகட்டும். அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடம் ஒரு முறை ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப், முதல் தடவை இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போவது அபூர்வம், ஆனாலும் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியில் ஒரு விஷயம் முக்கியம். தேதி தவறவே கூடாது. நிறுத்தினால் எலும்பு முன்பைவிட வேகமாகக் கரைந்து, ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நசுங்கலாம். மகள் ஊருக்குப் போயிருக்கிறாள், வந்து கூட்டிப்போவாள் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், நிறுத்துவதாக இருந்தால் பதிலுக்கு வேறு மருந்து என்ன என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

கடைசியாக இடுப்பு. விழுந்த பெரியவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், உருவிவிடவோ இழுக்கவோ வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துச் சேர்த்துக் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள், ஏற்காட்டு மலையில் இருந்து என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், தாமதிக்க நேரமில்லை. வயசாயிடுச்சு, ஆபரேஷன் எதுக்கு என்று படுக்கையில் போட்டால்தான் படுக்கைப்புண்ணும் சளியும் ரத்தக்கட்டும் வரும். தொண்ணூறு வயதிலும் ஆபரேஷன் செய்கிறோம், முடிந்தால் இரண்டு நாளுக்குள். மறுநாளே உட்கார வைத்து, வாக்கர் பிடித்து நிற்க வைப்போம்.