கல்லா வாசல்ல இருக்கா, உள்ள இருக்கா?

குன்னூர்ல குழந்தைகளுக்கும் வளர்ற பசங்களுக்கும் உளவியல் ஆலோசகரா வேலை பாக்குறேன். இங்க அக்டோபர் நவம்பர்ல மழை புடிச்சுதுன்னா ஸ்கூலுக்கு லீவு மேல லீவு, பசங்க வெளிய கால் வைக்க முடியாது, கையில போன், அப்படியே மழை முடிஞ்சதும் அப்பா அம்மாங்க வரிசையா என்னை பாக்க வருவாங்க. வந்து உக்காந்ததும் சொல்றது ஒரே விஷயம் தான், "கேம் எங்க பையனை கெடுத்துருச்சு மேடம்". கேமை திட்டி முடிச்சதும் சினிமா பக்கம் திரும்புவாங்க, இப்ப வர்ற பெரிய படமெல்லாம் வெட்டு குத்து, காசுக்கு எடுக்குறது, அந்தக் காலத்துல கலை இருந்துச்சு, இப்ப வியாபாரம் மட்டும் தான்னு.

இதுல பாதிய தான் என்னால ஒத்துக்க முடியுது. காசுக்காக எடுத்ததுங்கறதால ஒரு படமோ கேமோ கெட்டுப்போயிடாது. நான் அவங்களை கேக்க சொல்றது வேற கேள்வி. கல்லாப்பெட்டி வாசல்ல இருக்கா, உள்ள இருக்கா? தியேட்டர்ல டிக்கெட் காசை வாசல்ல வாங்கிடுறாங்க, கதவை சாத்துனதுக்கு அப்புறம் டைரக்டருக்கு இருக்குற ஒரே வேலை நமக்கு படத்தை காட்டுறது. ஃப்ரீன்னு சொல்லி உள்ள விட்டுட்டு, உள்ளுக்குள்ள கல்லாவை வச்சா, ஒவ்வொரு சீனும் ஒவ்வொரு லெவலும் நம்மளை அந்த கல்லா பக்கம் தள்ளுற மாதிரி தான் அமைக்க முடியும், வேற வழியே இல்ல.

நம்ம மலையில எடுத்த படத்தையே பாருங்க. மூன்றாம் பிறை, 1982, பாலு மகேந்திரா. கேத்தி ஸ்டேஷன்ல அந்த கடைசி சீன், அந்த ஸ்டேஷனை தாண்டுறப்ப இன்னைக்கும் ரயில்ல வர்றவங்க எட்டிப் பாக்குறாங்க. தேசிய விருது வாங்குன படம், தியேட்டர்லயும் நல்லா ஓடுன படம். அதுலயே சில்க் ஸ்மிதா ஆடுற ஒரு பாட்டு இருக்கு, அது கதைக்காக வரல, டிக்கெட்டுக்காக வந்ததுன்னு பாக்குற யாருக்கும் புரியும். ஆனா பாட்டு முடிஞ்சதும் படம் தன் பாதைக்கு திரும்பிடுது. வியாபாரத்துக்கு கொடுத்த இடம் சில நிமிஷம், மீதியெல்லாம் நாயகன் நாயகி ரெண்டு பேரோட கதை. இந்த மாதிரி சமரசத்தோட தான் நம்ம நல்ல படங்கள் பெரும்பாலும் வந்திருக்கு, அதை நான் குறையா பாக்கல. இப்ப தான் சில பெரிய படங்கள்ல கதையை நடுவுல நிறுத்தி, மீதிக்கு ரெண்டாவது பாகம் வாங்கன்னு சொல்லி அனுப்புறாங்க, அங்க கல்லா கொஞ்சம் உள்ள நகருதுன்னு எனக்கு தோணுது.

கேம்ல அது முழுசா உள்ளயே போயிடுச்சு. 1977ல ஸ்டார் வார்ஸ்ங்கற ஹாலிவுட் படம் வந்தப்ப படத்தை விட பொம்மையில பெரிய வியாபாரம் பாக்கலாம்னு உலகமே கத்துக்கிச்சு, ஆனா பொம்மை வாங்காதவனுக்கும் படம் முழுசா தான் ஓடுச்சு. அதே பேர்ல 2017 நவம்பர்ல வந்த பேட்டில்பிரண்ட் 2 கேம்ல, முழு விலை கொடுத்து வாங்குனவங்களுக்கே அந்த படத்தோட பெரிய வில்லன் டார்த் வேடர் பூட்டி இருந்தாரு, திறக்கணும்னா கேம் உள்ள கிடைக்கிற புள்ளி, அதாவது கிரெடிட், 60,000 சேக்கணும், மணிக்கணக்கா ஆடணும், இல்லன்னா காசு கொடுத்து என்ன இருக்குன்னே தெரியாத பெட்டியை வாங்கிப் பாக்கணும். ஆடுறவங்க கொதிச்சுட்டாங்க, அந்த கம்பெனி முதல்ல கிரெடிட்டை குறைச்சுது, அப்புறம் ரிலீஸுக்கு முந்தி காசு வாங்குற வசதியையே நிறுத்தி வச்சுது. அடுத்த வருஷம் பெல்ஜியம் நாட்டு சூதாட்ட ஆணையம் இந்த மாதிரி பெட்டிங்க சூதாட்டம் தான்னு சொல்லிடுச்சு.

அந்த பெட்டிக்கு பின்னாடி இருக்குறது எங்க பாடத்துல முதல் வருஷம் படிக்கிற விஷயம். ஸ்கின்னர்ங்கற உளவியலாளர் புறாவை வச்சு பாத்தாரு, ஒவ்வொரு தடவை கொத்துனாலும் தீனி விழுந்தா, தீனியை நிறுத்துனதும் புறா சீக்கிரம் கொத்துறதை விட்டுடும். எப்ப விழும்னே தெரியாம எப்பவாவது விழுந்தா அது ஓயாம கொத்தும். சூதாட்ட மெஷின் வேலை செய்யுறதும் இப்படி தான். உங்க பையனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லன்னு நீங்க திட்டுறப்ப, எதிர்ல இது தெரிஞ்ச பெரியவங்க உக்காந்து அவனுக்காக வடிவமைச்சிருக்காங்கன்னு மனசுல வச்சுக்குங்க.

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு ஒன்பதாம் கிளாஸ் பையன் வந்தான் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலதை மாத்தி எழுதறேன்). பச்சை தேயிலை போட்டு வந்த காசுல 11,000 ரூபா போயிருந்துச்சு, அம்மாவோட யூபிஐ பின் அவனுக்கு மனப்பாடம். கூட தாத்தா வந்திருந்தாரு, ஊட்டி இந்துநகர்ல இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். நான் பையன் கிட்ட போனை கொடுத்து, எனக்கு ஆடிக் காட்டுப்பான்னேன், அவனுக்கு ஒரே ஆச்சரியம், எல்லாரும் புடுங்குன போனை நான் கொடுக்கறேனேன்னு.

முதல்ல அவன் காட்டுனது மழை. "பாருங்க மேம், தகரத்துல விழுற மழையும் இலையில விழுற மழையும் வேற வேற சத்தம்." உண்மையா நல்லா இருந்துச்சு. மலையில பொறந்த பையன் அதை கவனிச்சிருக்கான். அந்த மழையை வரைஞ்சவரும் அந்த சத்தத்தை பண்ணவரும் கலைஞர்கள் தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அப்புறம் கடைய திறந்தான். கேம்ல வர்ற ஆளுக்கு போட ஒரு டிரெஸ் 1,200 ஜெம்ஸ், ஜெம்ஸ்னா கேம் உள்ள மட்டும் செல்லுற காசு. ஜெம்ஸ் விக்கிறது 1,000 ஒரு பாக்கெட், 2,500 ஒரு பாக்கெட். 1,200க்கு பாக்கெட் கிடையாது. அப்ப ரெண்டு 1,000 பாக்கெட்டோ ஒரு 2,500 பாக்கெட்டோ வாங்கணும், 2,500 வாங்குனா 1,300 மிஞ்சும், அதுக்கு பக்கத்துலயே இன்னொரு டிரெஸ், அது 1,500. மேல சிவப்புல ஒரு கடிகாரம், இன்னும் 2 மணி நேரத்துல இந்த டிரெஸ் போயிடும்னு. எந்த டிரெஸ்லயும் ரூபா விலை கிடையாது, எல்லாம் ஜெம்ஸ் தான், அதனால 11,000 ரூபா போற வரைக்கும் அது பணம்னே அவனுக்கு உறைக்கல. தாத்தா எல்லாத்தையும் பாத்துட்டு "இந்த கதை எப்படா முடியும்?"னு கேட்டாரு. "முடியாது தாத்தா, சீசன் சீசனா வரும்"னான்.

கலைன்னு பேசறப்ப எனக்கு முக்கியமா படுறது அந்த பதில் தான். முடிவு இருக்குற கதையில முடிவுக்காக எல்லாத்தையும் யோசிச்சு வைப்பாங்க. முடியவே கூடாதுன்னு கட்டுன ஒண்ணுல, வெளிய போக விடாம இருக்குறது தான் எழுதறவரோட வேலை, மழை எவ்வளவு அழகா பெஞ்சாலும்.

கேம்னாலே இப்படி தான்னு நினைச்சுடாதீங்க. ஜர்னின்னு 2012ல வந்த ஒரு கேம், ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும், தூரத்துல ஒரு மலை தெரியும், அதை நோக்கி நடக்கணும், வழியில முன்ன பின்ன தெரியாத இன்னொரு ஆளு இன்டர்நெட் வழியா சேருவாரு, பேர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பலாம். அதோட இசை கிராமி விருது பரிந்துரை வரைக்கும் போச்சு. ஹாஸ்டல்ல தங்கி படிக்கிற ஒரு பொண்ணு என் கிட்ட அதை பத்தி தான் முதல் தடவை வாய் திறந்து பேசுனா, பனியில ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நடந்தோம், அவங்க யாருன்னே தெரியல மேம், ஆனா என்னை விட்டுட்டு போகலன்னு. வீட்டை பத்தி அவ பேச ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம் தான். அதே 2012ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் டெட்ரிஸ், பேக்மேன்னு 14 கேமை தன் சேகரிப்புல சேத்துச்சு, ஆக கேம் கலையாங்கற கேள்விக்கு பதில் வந்து ரொம்ப நாளாச்சு. பெரிய பட்ஜெட்ல முடியாதான்னு கேட்டா, பால்டர்ஸ் கேட் 3 இருக்கு, 2023ல வந்து அந்த வருஷத்தோட பெரிய விருதையும் வாங்கி, வியாபாரமும் அள்ளுச்சு, உள்ள ஜெம்ஸ் கடையும் இல்ல, பெட்டியும் இல்ல. அது பெரியவங்களுக்கான கேம், சின்ன பசங்களுக்கு வாங்கிக் கொடுக்காதீங்க.

கடையை எப்படி வேணா வைக்கலாம்னு விட்டுடவும் முடியாது. 2022 டிசம்பர்ல அமெரிக்க அரசு ஃபோர்ட்நைட்ங்கற கேமை நடத்துற கம்பெனி மேல எடுத்த நடவடிக்கையில மொத்தம் 52 கோடி டாலர் கட்ட அந்த கம்பெனி ஒத்துக்கிச்சு, அதுல 24.5 கோடி, பட்டனை குழப்பமா வச்சு வேண்டாததை வாங்க வச்சதுக்காக ஆடுனவங்களுக்கு திருப்பிக் கொடுக்க. நம்ம நாட்டுல பணம் கட்டி பணம் ஜெயிக்கலாம்னு ஆசை காட்டுற விளையாட்டுக்கு 2025 ஆகஸ்ட்ல தடைச்சட்டம் வந்தாச்சு. டிரெஸ்ஸும் துப்பாக்கியும் விக்கிற கடையை குறி வச்சு வந்த சட்டம் இல்ல அது, அதனால அந்த காவல் இப்போதைக்கு வீட்டு வேலை தான்.

வீட்டுல என்ன பண்றதுன்னா, போனை புடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பக்கத்துல உக்காந்து ஆட சொல்லி பாருங்க. இது எப்ப முடியும், இதுல கதை என்ன, கடை எங்க இருக்குன்னு கேளுங்க, திட்டாம கேட்டா பசங்க அழகா சொல்வாங்க. ப்ளே ஸ்டோர் செட்டிங்ல ஒவ்வொரு தடவை வாங்குறப்பவும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி மாத்திடுங்க, யூபிஐ பின்னை இன்னைக்கே மாத்துங்க, காசு போயிருந்தா 48 மணி நேரத்துக்குள்ள கூகுள்லயே ரீஃபண்ட் கேட்டு பாருங்க. ரெண்டு மணி நேரம் ஆடுறான்னு உடனே நோய்னு பயந்துடாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி 11ங்கற நோய் பட்டியல் 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்துச்சு, அதுல கேமிங் கோளாறுன்னு ஒண்ணு இருக்கு. நிறுத்த முடியாம போறது, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாத்தையும் விட அதுவே பெருசா ஆகுறது, கெடுதல்னு தெரிஞ்சும் தொடர்றது, இதெல்லாம் பொதுவா ஒரு வருஷம் மாதிரி நீடிச்சா தான் அப்படி சொல்வோம், ரொம்ப தீவிரமா இருந்தா முன்னாடியே. என் கிட்ட வர்ற பசங்கள்ல பெரும்பாலானவங்க அந்த எல்லைக்கு பக்கத்துல கூட இல்ல. அப்படி இருக்குமோன்னு சந்தேகம் வந்து, மலையில ஆலோசகரை தேடிப் புடிக்க வழி இல்லன்னா, 14416க்கு கூப்பிடுங்க, அது அரசோட டெலிமானஸ்ங்கற மனநல உதவி நம்பர், காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.