குதிகால் வலியா? பழைய ஷூவையும் எடுத்து வாருங்கள்

ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் கால் வலி என்று பிசியோதெரபிக்கு வரும்போது எக்ஸ்ரேயை மறக்காமல் கொண்டு வருகிறார்கள். ஷூவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு செருப்பில் வருகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது போடும் ஷூ, அதற்கு முன்பு போட்டது, இரண்டும் வேண்டும்.

ஏன் இரண்டு? நான் பார்க்கும் பலருக்கு ஷூ மோசமில்லை, மாற்றிய வேகம்தான் சிக்கல். வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட 10 மில்லிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கும். கடைக்காரர்கள் 'டிராப்' என்பது இதைத்தான். அதிலிருந்து 4 மில்லிமீட்டருக்கோ பூஜ்ஜியத்துக்கோ ஒரே வாரத்தில் தாவினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் அதிகம் இழுபடும். அடிப்பாகமும் மெல்லியதாக இருந்தால் முன்பாத எலும்பில் நுண்விரிசல் வரைக்கும் போகலாம். புது ஷூவை முதலில் வாரம் ஓரிரு நாள், குறைந்த தூரத்துக்கு மட்டும் போடுங்கள். மற்ற நாட்களில் பழையதே போதும்.

கடையில் மெஷின்மேல் ஏற்றி, "சார், உங்களுக்குத் தட்டைப்பாதம், இந்த மாடல்தான் செட் ஆகும்" என்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் குறையவில்லை. விலையைவிட, போட்டு நாலு எட்டு ஓடிப் பார்க்கும்போது கால் என்ன சொல்கிறது என்பதையே நான் நம்புவேன்.

அளவில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய் வாங்குங்கள். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் நகம் கறுத்துப்போகும்.

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர் என்றால், ஷூ மாற்றினால் மட்டும் தீராது. கெண்டைக்காலுக்குப் பயிற்சி வேண்டும். அப்புறம், ஓடுவது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டு டைல்ஸில் வெறுங்காலில்தானே நடக்கிறோம்? வலி தீரும்வரை வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

விரலால் அழுத்தினால் எலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது, ராத்திரி படுத்தாலும் விடவில்லை என்றால் ஷூ கடைக்குப் போகாதீர்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது முன்பு சொன்ன நுண்விரிசலாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.