குரல் கொடுத்தவர் காதலித்தால் ரசிகருக்கு ஏன் கோபம் வருகிறது?

2008-ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானிய இணையத்தில் ஒரு புகைப்படம் சுற்றி வந்தது. ஒரே மாங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடரின் புத்தகங்கள், தாள்தாளாகக் கிழிக்கப்பட்டிருந்தன. தொடரின் பெயர் ‘கன்னகி’. நம்முடைய கண்ணகிக்கும் இதற்கும் ஒலியைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. தெய்வத்தின் வாக்கைச் சொல்லும் கோயில் பெண்ணை ஜப்பானிய மொழியில் அப்படிச் சொல்வார்கள். கதையின் நாயகி நாகி, ஒரு புனித மரத்தில் செதுக்கிய சிலையிலிருந்து வெளிப்பட்ட சிறுதெய்வம். அவளுக்கு முன்பு ஓர் ஆணுடன் உறவு இருந்திருக்கலாம் என்று ஓர் அத்தியாயம் லேசாகக் கோடி காட்டியது. அவ்வளவுதான். ஆசையாகக் காசு கொடுத்து வாங்கி அடுக்கி வைத்திருந்த புத்தகங்களைத் தன் கையாலேயே கிழித்துப் படம் எடுத்துப் போட்டார் ஒரு ரசிகர்.

நாகி மையாலும் காகிதத்தாலும் ஆனவள், அவளுக்கு வலிக்காது. ஆனால் இதே கோபம் உயிருள்ள ஆளின் மேலும் திரும்பும். 2006-ல் ஓர் அனிமே (ஜப்பானிய அசைவுப்படம்) தொடரில் சுசுமியா ஹருஹி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துப் பெரும் புகழுக்குப் போனவர் ஹிரானோ ஆயா. 2010 ஆகஸ்ட்டில், 22 வயதில், ஒரு தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியில் காதலைப் பற்றி, அந்த வயதுப் பெண் யாரும் தோழிகளிடம் பேசுவது போல, கொஞ்சம் மனம் விட்டுப் பேசினார். அதன் பிறகு அவர் மேல் கொட்டிய வசைகளை இங்கே எடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு மீறவும் இல்லை. ஆனாலும் திட்டியவர்கள் எல்லாரும் ஏமாற்றப்பட்டவர்களின் மொழியில்தான் திட்டினார்கள். “துரோகம்” என்றார்கள்.

அந்தச் சொல் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. துரோகம் என்றால் அதற்கு முன்னால் ஓர் உறவு இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லாத உறவு எப்படி இவ்வளவு நிஜமாக வலிக்கிறது? பைத்தியம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம்தான், ஆனால் உளவியலும் மூளையியலும் சொல்வது வேறு. இதில் பெரும்பகுதி நம் எல்லாருடைய தலைக்குள்ளும் தினமும் நடக்கிற சாதாரண வேலை.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலியில் ‘லோன்சம் கேல்’ என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. தனிமையில் வாடும் பெண் என்று அர்த்தம். பெயர் சொல்லாத ஒரு பெண், கேட்பவரையே தன் காதலராக வைத்து, மெதுவாக, நெருக்கமாகப் பேசுவார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுக்கூட எழுதினார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-ல் எழுதிய கட்டுரையில் இந்த நிகழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு பக்கம் மட்டுமே ஓடும் நெருக்கத்துக்கு ‘பாராசோஷியல்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ஒருதலை உறவு என்று சொல்லலாம், ஆனால் ஒருதலைக் காதல் என்று குறுக்கிவிடக் கூடாது, ஏனென்றால் இதில் நட்பு, பாசம், அக்கறை எல்லாமே அடக்கம். தினமும் செய்தி வாசிப்பவர் ஒரு வாரம் வரவில்லை என்றால் “என்ன ஆச்சு அவருக்கு” என்று நம் வீட்டில் கேட்பார்களே, அதுவும் இதுதான்.

இந்த உறவை ஊட்டி வளர்ப்பதில் குரலுக்குத் தனி இடம் உண்டு. 2010-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் 7 முதல் 12 வயது வரையுள்ள சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் பேச வைத்து, கணக்குப் போட வைத்து, பதற்றப்பட வைத்தார்கள். பிறகு சிலரை அம்மா நேரில் வந்து கட்டி அணைத்தார், சிலர் அம்மாவுடன் தொலைபேசியில் மட்டும் பேசினார்கள். இரண்டு குழுவிலும் பிணைப்போடு சம்பந்தப்பட்ட ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏறியது. 2012-ல் அதே குழு குறுஞ்செய்தியை வைத்துச் சோதித்தபோது அந்த ஏற்றம் இல்லை. சொற்கள் வந்து சேர்ந்தன, குரல் வரவில்லை. இது அம்மாவின் குரல், அனிமேக் குரலுக்கும் இதே அளவு நடக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் குரல் என்பது செய்தியைச் சுமந்து வரும் வண்டி மட்டும் இல்லை என்பது தெளிவு.

ஜப்பானில் செய்யூ என்று அழைக்கப்படும் குரல் நடிகர்கள் படத்தோடு நிற்பதில்லை. வானொலியில் வாரம் தவறாமல் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், கேட்பவரையே காதலராக வைத்துப் பேசும் ஒலித்தட்டுகளும் வெளியிடுகிறார்கள். அவற்றில் பலவற்றை ‘டம்மி ஹெட்’ மைக்கில் பதிவு செய்வார்கள். மனிதத் தலை போன்ற ஒரு பொம்மை, அதன் இரண்டு காதுகளிலும் ஒவ்வொரு மைக். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதுக்கு ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரம் தாமதமாகத்தான் சேரும், ஆனால் அந்தத் துளி வித்தியாசத்தையும் ஒலியளவின் வித்தியாசத்தையும் வைத்தே மூளை “பேசுகிறவர் இங்கே, இத்தனை அருகில் இருக்கிறார்” என்று கணித்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டால் ஒருவர் நம் தோளில் சாய்ந்து கிசுகிசுப்பது போலவே இருக்கும். அவ்வளவு அருகில் வந்து பேசும் உரிமையை வாழ்க்கையில் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்போம்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் பாத்திரமும் ஆளும் கலந்துபோவது. ஜப்பானிய ரசிகர்கள் குரல் கொடுப்பவரை ‘நக்கா நோ ஹித்தோ’ என்பார்கள், உள்ளே இருக்கும் ஆள் என்று பொருள். உடைக்குள் ஒருவர் இருப்பதுபோலப் பாத்திரத்துக்குள் அவர் இருக்கிறாராம். 1967-ல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இருவர் செய்த சோதனை ஒன்றை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதினார் என்று விளக்கிய பிறகும், வாசித்தவர்கள் அதையே எழுதியவரின் சொந்தக் கருத்தாகப் பெருமளவு எடுத்துக்கொண்டார்கள். நடிகர்களை வைத்து 2007-ல் டல்-ஓர், பாபிர்மன் என்பவர்கள் செய்த ஆய்விலும் இதே கதைதான், பாத்திரத்தின் குணம் நடித்தவரின் மேல் ஒட்டிக்கொண்டது. எழுதிக் கொடுத்த வசனம் என்று அறிவுக்குத் தெரியும், ஆனால் மனசு அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாத்திரம் யாரையும் காதலிக்காத பள்ளி மாணவி என்றால், குரல் கொடுத்த பெண்ணும் அப்படியே இருந்தாக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. ஆண் செய்யூக்களின் நிலையும் இதேதான், அங்கே கோபப்படுகிறவர்களில் பெண்கள் அதிகம்.

இதுவரை சொன்னதில் யாருடைய குற்றமும் இல்லை. வியாபாரம் நுழையும் இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. இளம் செய்யூவுக்கு ஓர் அத்தியாயத்துக்கு அடிப்படைச் சம்பளம் 15,000 யென், ஒரு வரி பேசினாலும் அவ்வளவுதான், நூறு வரி பேசினாலும் அவ்வளவுதான். அதை வைத்து டோக்கியோவில் வாடகை கட்டுவது கஷ்டம். எனவே மேடை, பாட்டு, புகைப்படப் புத்தகம், கைகுலுக்கும் நிகழ்ச்சி என்று வருமானம் வேறு பக்கம் நகர்ந்தது. 1990-களில் செய்யூக்களுக்கென்றே பத்திரிகைகள் வந்தன, 1997-ல் ஷீனா ஹெகிரு நிப்பான் புடோகான் அரங்கில் தனிக் கச்சேரி செய்தார். நம் ஊரில் டப்பிங் பேசுகிறவரின் முகம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, அங்கே குரலுக்கு முகமும் வயதும் பிறந்தநாளும் உண்டு. ரசிகர் தான் தேர்ந்தெடுத்தவரை ‘ஒஷி’ என்பார், அந்த ஒஷிமேல் நிஜமாகவே காதல் கொண்டவர்களுக்கு ‘கச்சிகோய்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. கூடுதல் ஒலித்தட்டு வாங்குகிறவர்களில் இவர்கள் முன்வரிசை. “எனக்கும் ஒரு நாள் இடம் இருக்கலாம்” என்ற சின்ன நம்பிக்கையை அணையாமல் வைத்திருந்தால் பணம் வரும். பாடகிக் குழுக்களில் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் காதலைத் தடை செய்த நிறுவனங்கள் உண்டு. 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த விதியை மீறிய 17 வயதுப் பெண்ணை 6,50,000 யென் கட்டச் சொன்னது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு, அங்கே நீதிபதி காதலிப்பது மகிழ்ச்சியைத் தேடும் உரிமையில் சேரும் என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளினார். இரண்டுக்கும் நடுவில் நான்கே மாதம்.

சரி, நம்பிக்கை உடைந்த பிறகு என்ன நடக்கிறது? இஸ்ரேலிய ஆய்வாளர் ஜொனாதன் கோஹன், பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் திரையை விட்டுப் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று பார்வையாளர்களிடம் கேட்டார். வந்த பதில்கள் நிஜக் காதல் முறிவின் சாயலில் இருந்தன; நிஜ உறவுகளில் ‘விட்டுப் போய்விடுவார்களோ’ என்று எப்போதும் பயப்படுகிற சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த வலியும் அதிகமாக இருக்கும் என்று தெரிந்தது. அதாவது வலி பொய்யில்லை. அது யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதில்தான் தவறு.

புத்தகத்தைக் கிழித்தவரிடம் திரும்பலாம். தன் பொருளைத் தானே நாசமாக்கினால் நஷ்டம் யாருக்கு? 2004-ல் ஜூரிச்சில் ஒரு சோதனை நடந்தது. பணம் கொடுத்து விளையாடும் ஆட்டத்தில் நம்பிக்கையை மீறிய கூட்டாளியைத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்து, அந்த நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். தண்டிக்கும்போது, பரிசு கிடைக்கையில் வேலை செய்கிற டார்சல் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி விழித்தது. அது அதிகமாக விழித்தவர்கள் தண்டிப்பதற்காகத் தங்கள் கைக்காசையும் அதிகம் செலவழித்தார்கள். 2009-ல் ஜப்பானில் தகாஹாஷி ஹிதெஹிகோவின் குழு பொறாமையை ஆராய்ந்தது. பொறாமைப்படும் ஆளுக்குக் கெடுதல் நேர்ந்ததாக வாசிக்கும்போது, இன்பத்தோடு சம்பந்தப்பட்ட வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டம் துடித்தது. நம்பிக்கை மோசடி நடந்ததாக மூளை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் தண்டிப்பது இனிக்கிறது. இங்கே மோசடியே நடக்கவில்லை என்பதை அந்த இனிப்பு விசாரிப்பதில்லை.

இணையம் அந்த இனிப்பைப் பெருக்குகிறது. 2021-ல் பிரேடி என்பவரின் குழு 7,331 பேருடைய 1 கோடியே 27 லட்சம் ட்வீட்களை ஆராய்ந்தபோது, அறச்சீற்றத்துக்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள் அடுத்து இன்னும் சீற்றமாக எழுதக் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்தது. ஜப்பானில் இப்படி ஒருவர் மேல் வசை பாய்வதை ‘என்ஜோ’, தீப்பற்றுதல், என்பார்கள். யமகுச்சி ஷினிச்சியும் தனகா தத்சுவோவும் சுமார் 20,000 பேரிடம் கேட்டதில், ஓராண்டில் இப்படித் தீ மூட்டுவதில் கலந்துகொண்டவர்கள் 0.5 சதவீத அளவில்தான் இருந்தார்கள். மொத்த ரசிகர்களையும் ‘ஒடாக்குகளே (அனிமே, மாங்கா வெறியர்களே) இப்படித்தான்’ என்று திட்டுவது இதனால்தான் எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு பெண்ணின் கைப்பேசிக்கு வந்து சேரும்போது அந்த 0.5 சதவீதம் ஊரே திரண்டு வந்ததுபோல இருக்கும்.

அதில் இன்னும் சிறிய ஒரு பங்கு வாசல்படி வரை வருகிறது. மெக்கட்சியனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-ல் பிரபலங்கள்மேல் உள்ள பற்றை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: பொழுதுபோக்குப் பற்று, உள்ளத்தோடு ஒட்டிய தீவிரப் பற்று, நோயின் எல்லையில் நிற்கும் பற்று. 2016 மே மாதம் டோக்கியோ அருகே கொகனேயில் 20 வயதுப் பாடகி ஒருவரை, தான் அனுப்பிய பரிசைத் திருப்பி அனுப்பினார் என்பதற்காக ஒருவன் கத்தியால் மீண்டும் மீண்டும் குத்தினான். அவன் அதற்கு முன் சமூக ஊடகத்தில் தொடர்ந்து எழுதியவை அன்றைய பின்தொடர்தல் தடைச் சட்டத்தில் சேரவில்லை, அந்த ஆண்டு டிசம்பரில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019-ல் இன்னொருவன் ஒரு பாடகியின் செல்ஃபியை உருப்பெருக்கி, அவர் கண்மணியில் தெரிந்த ரயில் நிலையத்தைத் தெருப்படங்களோடு ஒப்பிட்டு, அங்கே காத்திருந்து, வீடு வரை தொடர்ந்து போய்த் தாக்கினான். கண்ணின் கருவிழி மேற்பரப்பு ஈரமான, வழவழப்பான குவியாடி. எதிரே இருக்கும் தெரு முழுவதையும் சின்னதாகச் சுருக்கிக் காட்டும். இன்றைய கைப்பேசிக் கேமரா அதையும் விடாமல் பதிந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் மன்னிப்புக் கேட்டவர்கள் யார்? 2013 ஜனவரியில் ஏகேபி48 என்ற பாடகிக் குழுவின் மினெகிஷி மினாமி, காதலன் வீட்டில் தங்கியதாக ஒரு வார இதழ் எழுதியதும், தலையை மழித்துக்கொண்டு காணொளியில் அழுதார். என்ஜிடி48 என்ற இன்னொரு பாடகிக் குழுவின் யமகுச்சி மாஹோவை 2018 டிசம்பரில் அவருடைய வீட்டு வாசலிலேயே இரண்டு ஆண்கள் தாக்கினார்கள்; 2019 ஜனவரியில் மேடையேறி, தொந்தரவு கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டது தாக்கப்பட்ட அவர்தான். அந்த வரியை முதன்முதலில் படித்தபோது புரியாமல் திரும்பவும் படித்தேன்.

மெதுவாகக் காற்று மாறுகிறது. ஹிரானோ ஆயா 2013-ல் டோக்கியோவில் ‘லே மிசெராப்ளே’ இசை நாடக மேடையில் எபோனின் என்ற பாத்திரமாக நின்றார். 2020 ஜூலையில் ஹனசாவா கானாவும் ஓனோ கென்ஷோவும், இருவருமே முன்னணி செய்யூக்கள், தங்கள் திருமணத்தை அறிவித்தார்கள். 2023-ல் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற அனிமே தொடரின் வாள்செய்யும் கிராமத்துப் பகுதி ஒளிபரப்பானது. அதில் கன்ரோஜி மித்சுரி என்ற வீராங்கனை, தனக்கேற்ற கணவரைத் தேடித்தான் பேய்களை வேட்டையாடும் இந்தப் படையில் சேர்ந்தேன் என்று வெட்கத்தோடு சொல்வாள். அந்தக் குரல் கல்யாணமாகி மூன்று வருடமான ஹனசாவாவுடையது.