சுட்டியிலிருந்து கையை எடுப்போம்

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறேன். எல்லோருக்கும் 16 வயதுக்கு மேல். ஒருவருக்கு வாசிப்பு வராது, காதால் கேட்டதை மறக்கவே மாட்டார். இன்னொருவருக்குக் கை நடுங்கும். பேச்சு குறைவான ஒரு மாணவி படத்தைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வாள். எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது இங்கே நடக்காது.

தொடக்கத்தில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சுட்டியை வாங்கி நானே அழுத்திக் கொடுத்துவிடுவேன். பாடம் முடியும்போது எல்லாத் திரையிலும் வேலை முடிந்திருக்கும், செய்தது நானாக இருக்கும். வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. போனுக்கு ரீலோட் போடுவது அண்ணா, படிவம் நிரப்புவது அம்மா. பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதென்றால், படத்தைத் தெரிவு செய்வது வரை நான் செய்வேன், அனுப்பும் பொத்தானை மட்டும் பிள்ளை அழுத்தும். அது பழகியபிறகு கடைசி இரண்டு படிகள், அப்புறம் மூன்று. முதல் நாளிலிருந்தே வேலையை முடித்து வைப்பது பிள்ளைதான். அம்மாவிடமிருந்து பதில் வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! முதல் படியிலிருந்து படிப்பித்த காலத்தில், பாதி வழியிலேயே களைத்து எழும்பிவிடுவார்கள்.

கை நடுங்கும் பிள்ளைக்கு இருமுறை சொடுக்குவது பெரிய மலை. ஒருமுறை சொடுக்கிவிட்டு என்டர் விசையை அழுத்தினாலும் கோப்பு திறக்கும். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி வரும். அதைப் போட்டுக்கொண்டால், இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய வேலையை ஒரே விரலால் ஒவ்வொன்றாக முடிக்கலாம். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். இவை கணினியிலேயே இருக்கின்றன, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

தமிழில் தட்டச்சு செய்வதில் ஒரு சிக்கல் இருப்பதை நான் பிந்தித்தான் கண்டுகொண்டேன். கையால் 'கொ' எழுதும்போது கொம்பு முதலில் வரும், பிறகு 'க', பிறகு கால். போனில் 'க'வை முதலில் அழுத்த வேண்டும், பிறகுதான் ஒகரக் குறி. எழுத்துகளோடு ஏற்கெனவே போராடும் பிள்ளை கொம்பைத் தேடித் தேடிக் களைத்துவிடும், நாங்களோ "கவனமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். இப்போது கொம்பு வரும் சொற்களைத் தனியாக எடுத்து, "முதலில் எழுத்து, பிறகு கொம்பு" என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தப் பழக்குகிறேன். அதுவும் சரிவராவிட்டால் குரலால் எழுதும் வசதி இருக்கிறது. எழுதியது சரியா என்று வாசித்துப் பார்க்க முடியாதவருக்கு, தெரிவு செய்த வரியைப் போனே வாசித்துக் காட்டும்.

அடையாள அட்டை எண் இன்னொரு தடை. புதிய அட்டையில் 12 இலக்கங்கள். மொத்தமாகப் பார்த்தால் மிரட்சிதான், பிரித்தால் இலகு. முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் பிள்ளைகளுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். மிச்சம் ஐந்தைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

எனக்கு மிகப் பயமான இடம் வேறு. எங்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே சொல்வழி கேட்கப் பழக்கியிருக்கிறோம். பெரியவர் கேட்டால் கொடுக்க வேண்டும், டீச்சர் சொன்னால் செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தோடு போனைக் கையில் கொடுத்தால், அன்பாகப் பேசும் எவருக்கும் கடவுச்சொல் போய்விடும். வாட்ஸ்அப் பதிவுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை ஒருவரிடம் சொன்னால் கணக்கே அவர் கைக்குப் போகலாம். "யாருக்கும் சொல்லாதே" என்று பத்துத் தடவை சொன்னேன். பிறகு நானே கனிவாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் சொன்னார்கள், கேட்டது டீச்சர் அல்லவா!

அதனால் மறுப்பதையே பாடமாக்கினேன். கிழமைக்கு ஒரு நாள் நான் கேட்பேன், கெஞ்சுவேன், அவசரம் என்பேன், கோபப்படுவது போலவும் நடிப்பேன். அவர்கள் "தர மாட்டன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சொல்லப் பல கிழமைகள் எடுத்தார்கள். பெற்றோரே, இதை வீட்டிலும் செய்யுங்கள். உங்களிடமே மறுத்தால் கோபிக்காதீர்கள்.

ஒரு தனியார் கணினி வகுப்பு என் மாணவி ஒருத்தியை "இவவுக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்பியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு மாணவனை அவனுடைய உம்மா தினமும் பஸ்ஸில் வந்து கூட்டிப்போவார். கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே உள்ள நீரைக் கடக்கும் பாலம் 2009இல்தான் திறந்தது, அதற்கு முன் படகுப் பாதையில் கடந்த காலம் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தாண்டி மகன் தனியாக வருவதென்றால் நெஞ்சு பதறும். வாட்ஸ்அப்பில் இருக்குமிடத்தைப் பகிர்வதைத்தான் அவனுக்கு மாதக்கணக்கில் பழக்கினோம். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தெரிவுகள் வரும், நடுவில் உள்ளதைத் தொட வேண்டும். முதல் சில நாட்கள் உம்மா அதே பஸ்ஸில் பின் இருக்கையில் வந்தார். பிறகு வீட்டிலேயே இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வழியில் அந்தப் புள்ளி அசையாமல் நின்றுவிட்டது. உடனே அழைத்திருக்கிறார்.

"பஸ் நிக்கிது உம்மா. ஆக்கள் ஏறுறாங்க" என்றானாம் அவன்.